நூற்றுக்கு நூறு மனநிறைவு

சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேர் மனநிறைவோடு ஊர் திரும்புகிறார்கள் என்று பெருநகர அனுபவ வாரியம் எட்டு வருடமாகச் சொல்லிவருகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மனம் நிறையாதவர்கள் ஊர் திரும்புவதில்லை.

இந்த நுணுக்கம், அருப்புக்கோட்டைக்காரரான கொத்தனார் இருளப்பனுக்குத் திங்கட்கிழமை காலை ரயில் நிலையத்தின் வெளியேறும் கதவில் முழங்கால் இடித்தபோதுதான் தெரிந்தது. முந்தின நாள் வந்து இறங்கியபோது பன்னீர் தெளித்தார்கள். மணிக்கட்டில் நீலப் பட்டை ஒன்றை மாட்டினார்கள். கையில் கொஞ்சம் கல்கண்டு, கூடவே பன்னிரண்டு இடங்கள் அச்சடித்த பளபளப்பான பட்டியல். கல்கண்டை மடித்து வைத்துக்கொள்ள அந்தப் பட்டியல் மிகவும் உதவியாக இருந்தது. மற்றபடி அதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கதவுக்குக் காவல் இருந்தவன் பல் குத்திக்கொண்டே கேட்டான்.

“இன்னா பெர்சு, ஒண்ணியும் பாக்காம கெளம்பிட்ட?”

“சாமான் வாங்க வந்தேன். வாங்கியாச்சு. கதவைத் தெறப்பா.”

“நானா மூடிவச்சேன் தொறக்கறதுக்கு? உன் பட்டையக் கேளு. பன்னெண்டு எடமும் பாக்கணும். சும்மா பாத்தா ஆவாது. அசந்து போவணும்.”

“அசந்து போகணும்னா?”

“நாடி, வேர்வை, கண்ணு பாப்பா அல்லாம் பாத்து அது மார்க்கு போடும். எடத்துக்கு எடம் பாஸ் மார்க்கு வேற. அல்லாத்துலயும் பாஸானா கதவு தானா தொறந்துக்கும்.”

“ஆகலைன்னா?”

“ஆவுற வரிக்கும் விருந்தாளி. சோறு, படுக்கை அல்லாம் வாரியத்து செலவு. அதோ அந்தம்மா பதினாலு மாசமா விருந்தாளி.”

எதிர் பெஞ்சில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியை உயர்த்தி வணக்கம் சொன்னாள். பெயர் ரெஜினா. திண்டுக்கல்லில் புவியியல் ஆசிரியை. ஒருநாள் பயிற்சி முகாமுக்கு வந்தவள்.

“பஸ்ல போனா?” என்றார் இருளப்பன்.

“அங்கேயும் இதே கதவு. நடந்து போனா எல்லையில பட்டை கத்தும்” என்றாள் ரெஜினா. “அறுத்துப் போட்டீங்கன்னா ஆம்புலன்ஸ் வரும். நாடி நின்னுபோச்சுன்னு நெனச்சுக்கும். போன மாசம் ஒரு தாராபுரத்துக்காரர் அறுத்துட்டு நின்னார். ஓடி வந்து நெஞ்சுல குத்தி விலா எலும்ப ஒடச்சிட்டாங்க. வெள்ளரிக்காய் எடுத்துக்கோங்க.”

இருளப்பன் வெள்ளரிக்காயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அவர் தங்கை பஞ்சவர்ணத்தின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் அவர்தான். அதிலும் இது சாதாரணக் காதுகுத்து இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், சபை நிறைய ஆட்கள் இருக்க, இருளப்பன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கூடத்துச் சுவரில் வைத்துப் பார்த்து, “கால் அங்குலம் சாய்ஞ்சிருக்கு. எவன் கட்டினான்?” என்று கேட்டார். கட்டியவன் மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா. அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அன்றோடு போக்குவரத்து நின்றது. சுவர் இன்றைக்கும் நிற்கிறது, உறவுதான் விழுந்துபோயிற்று. இப்போது குழந்தை பிறந்த பிறகு, மாப்பிள்ளை தங்கப்பாண்டி தாமே வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்துவிட்டுப் போயிருந்தார். தங்கை வரவில்லை. “அவ கோவம் இன்னும் ஆறல மச்சான். நீங்க வந்து மடி குடுத்தா ஆறிரும். வரலைன்னா எங்கப்பாரு உங்க பெரியப்பா மகன் ராசையாவ உக்கார வச்சிருவாரு” என்று வாசலில் நின்றபடி சொல்லிப் போனார். ராசையாவுக்கும் இருளப்பனுக்கும் முடுக்குச் சந்தில் ஒன்றரை அடி இடத்துக்காகப் பதினேழு வருடமாகப் பேச்சு இல்லை.

சீர் வாங்கத்தான் சென்னை. பட்டுப்பாவாடை, கொலுசு, ஒரு ஜோடிக் கம்மல். மதுரையில் கிடைக்காததா என்று மனைவி சண்முகக்கனி கேட்டாள். கிடைக்கும். ஆனால் ‘சென்னையில எடுத்தது’ என்று சபையில் சொல்ல மதுரைக் கம்மலுக்கு வாய் ஏது? அந்த ஒரு வாக்கியத்துக்காக வந்தவர்தான் இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

“இது எவன் மூளையில உதிச்சது?” என்றார்.

“முன்னாடி தொண்ணூத்திரெண்டு சதவீதம் பேர்தான் திருப்தின்னு சொன்னாங்களாம்” என்றாள் ரெஜினா. “நூறாக்கணும்னு மேலேருந்து உத்தரவு. மிச்ச எட்டுப் பேரை எப்படித் திருப்திப்படுத்துறதுன்னு ஆறு கமிட்டி யோசிச்சது. ஏழாவது கமிட்டில ஒருத்தர் கதவைப் பத்தி யோசிச்சார். அவருக்கு விருது குடுத்துட்டாங்க.”

இருளப்பன் பட்டியலைப் பிரித்தார். கல்கண்டு சிதறியது.

முதல் இடம், போக்குவரத்து நெரிசல் அருங்காட்சியகம். பழைய காலத்து ஆட்டோவில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் நகராமல் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஹாரன் சத்தம், குழாயில் புகை, கூடவே முன்னோர்கள் பட்ட பாட்டைப் பற்றிய உருக்கமான வர்ணனை. இருளப்பன் நன்றாகத் தூங்கினார். பட்டை ஒன்பது மதிப்பெண் காட்டியது. பாஸ் மார்க் நாற்பது. இரண்டாம் இடமான நூறடி இட்லியில் நாற்பத்திரண்டு வந்தது, அதுவும் அவர் காலையிலிருந்து சாப்பிடாததால். அடுத்தது குடிநீர் வரிசை அனுபவம். பிளாஸ்டிக் குடத்தோடு வெயிலில் நிற்க வைத்து, லாரி வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

“இதை எங்க தெருவுல வருசம் பூரா நடத்துறோம். ஒருத்தரும் டிக்கெட் போட்டதில்ல” என்றார் இருளப்பன். பட்டையில் ஐந்து.

அப்போதுதான் சேலத்து அம்மாள் ஒருத்தி அவர் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு முன்னால் புகுந்தாள். இருளப்பன் விடுவாரா? அவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, இரண்டு குடம் நசுங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியபோது மணிக்கட்டில் ஐம்பத்தெட்டு. பட்டை பாராட்டுப் பாட்டு பாடியது.

“ஆகா” என்றாள் ரெஜினா. வேறு வேலை இல்லாததால் அவளும் கூடவே வந்திருந்தாள். “இதுக்குக் கோவத்துக்கும் வியப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கல்யாணம் ஆகாதவன் செஞ்ச மிஷினா இருக்கணும்.”

அதிலிருந்து வேலை மளமளவென்று நடந்தது. வெள்ள அனுபவக் கூடத்தில் முழங்கால் நீரில் நின்று அவள் கொத்தனார்களைத் திட்டினாள்: சிமெண்டைத் தின்கிறவர்கள், சொன்ன நாளுக்கு வராதவர்கள், வந்தால் டீக்குப் போகிறவர்கள். இருளப்பன் வாத்தியார் சாதியைத் திட்டினார். ஐம்பது, ஐம்பத்தைந்து என்று ஏறியது. புதன்கிழமை மாலைக்குள், முதலில் தோற்ற அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பதினோரு இடங்கள் முடிந்தன. இருவருக்கும் தொண்டை கட்டிப்போய், ஆளுக்கு ஒரு சுக்குக் காப்பியோடு நடைபாதையில் உட்கார்ந்தார்கள்.

“இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் டீச்சர் இன்னும் இங்க கெடக்கீங்க?”

“பன்னெண்டாவது இடம். சிங்காரக் கோபுரம். அதுக்கு மட்டும் பாஸ் மார்க் எண்பத்தஞ்சு. வாரியத் தலைவரோட கனவுத் திட்டமாச்சே. சண்டை போட்டா அறுபதுக்கு மேல ஏறாது. மனசு கிழியணும்.” காப்பியை ஊதினாள். “எனக்குக் கிழியறதுக்கு ஆள் வேணும்ல. வீட்டுல இருக்குறது ஒரு பூட்டு. அது என்னைத் தேடாது.”

இருளப்பன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “சிங்காரக் கோபுரமா? இந்தப் பட்டையெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, அதுல நாலாவது நிலை வெளிப்பூச்சு என் கை” என்றார்.

ரெஜினா அவரைப் பார்த்த பார்வையில், டாக்டர்கள் ஸ்கேனைப் பார்க்கும் பார்வை இருந்தது.

“போன்ல சார்ஜ் இல்ல டீச்சர். வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசணும்.”

அவள் போனை நீட்டினாள். அவர் சண்முகக்கனியிடம், எப்படியும் வந்துவிடுவேன், தங்கச்சி வீட்டில் ஒன்றும் சொல்லாதே என்று சொன்னார்.  

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கோபுரத்தின் அடியில், வாரியத்தின் மனநிறைவுத் துறை துணை இயக்குநர் ஆனந்தவளவன் ஒலிவாங்கியோடு நின்றிருந்தார். சால்வை போர்த்திக்கொள்வதற்காகவே அமைந்த தோள்கள்.

“அன்பார்ந்த விருந்தினர்களே! நிமிர்ந்து பாருங்கள். நாலாம் நிலையில் மெல்ல வளைந்து செல்லும் அந்த நளினத்தைக் கவனியுங்கள். கடலலையின் ஒயிலைக் கல்லிலே வடித்த கற்பனை! உலகக் கட்டடக் கலைஞர்களெல்லாம் இதன் கணக்குப் புரியாமல் தலையைச் சொறிகிறார்கள்!”

இருளப்பனும் தலையைச் சொறிந்தார். பிறகு கையைத் தூக்கினார்.

“ஐயா, அது சாரம் சரிஞ்சதுல வந்தது.”

“என்ன?”

“மழை பேஞ்சுது. சாரம் சரிஞ்சு பூச்சு வளைஞ்சிருச்சு. இடிச்சுக் கட்டணும்னு மேஸ்திரி சொன்னாரு. தெறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் இருக்குன்னு மத்த மூணு பக்கத்தையும் அதே மாதிரி வளைச்சு விட்டோம்.”

கூட்டத்தில் ஏற்கெனவே எண்பதைத் தொட்டிருந்த காரைக்குடித் தம்பதியின் பட்டை முப்பதுக்கு இறங்கியது. அவர்கள் இருளப்பனைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. இருளப்பனின் பட்டை ஆறு காட்டியது.

துணை இயக்குநர் அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்.

“ஐயா, தாங்கள் ஒத்துழைக்க மறுக்கிறீர்கள். மனத்தைத் திறந்து பாருங்கள்.”

“மனசு தெறந்துதான் சார் கெடக்கு. கதவைத் தெறந்து விடுங்க. நாளைக்கு என் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. நான்தான் மாமன். நான் இல்லாம போனா அந்த வீட்டு வாசல் எனக்கு ஆயுசுக்கும் கெடையாது.”

“விதிவிலக்குப் படிவத்தில் மரணம், மகப்பேறு இரண்டுதான் உள்ளன. அந்த மகப்பேறும் தங்களுடையதாக இருக்க வேண்டும்.” அவர் சற்று யோசித்து முகம் மலர்ந்தார். “ஆனால் நம் பண்பாட்டு வளாகத்தில் காதுகுத்து அனுபவம் இருக்கிறதே! மொட்டை, மாலை, மாமன் மடி எல்லாம் உண்டு. நாளை ஒன்பது மணிக்கே தங்களுக்கு ஏற்பாடு செய்கிறேன். மெழுகுக் குழந்தைதான். ஆனால் தத்ரூபமாக அழும்.”

இருளப்பன் அவரை அடிக்காமல் வெளியே வந்ததற்கு ஒரே காரணம், துணை இயக்குநர் அதை உண்மையான கருணையோடு சொன்னதுதான்.

மதியம் வரை அவர் அந்தக் கோபுரத்தை எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார். கண்ணுக்கு மூலைமட்டம் தப்பிய ஜன்னல்களும் ஈரம் கசிந்த தடங்களும்தான் தெரிந்தன. நாற்பது வருடமாக அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது. இப்போது அதே கண் அவரைக் கட்டிப் போட்டிருந்தது. ஒரே ஒரு முறை, ஒரு பொருளைப் பார்த்து ‘அடடா’ என்று வாயைப் பிளக்கத் தெரிந்திருந்தால், ஆறு வருடத்துக்கு முன் கூடத்துச் சுவரையும் அப்படிப் பார்த்துவிட்டுப் பாயசம் குடித்திருப்பார்.

ராத்திரி சார்ஜ் ஏற்றி வைத்திருந்த போன் மூன்று மணிக்கு அடித்தது. பஞ்சவர்ணம். ஆறு வருடத்தில் முதல் தடவை.

“தாயி...” என்றார். பட்டை இருபதைத் தொட்டது.

“அண்ணே.” அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. “நீ மெனக்கெட்டு வர வேண்டாம்ணே. முடிஞ்சுபோச்சு.”

“என்ன முடிஞ்சுபோச்சு?”

“இன்னிக்கே நல்ல நேரம்னு மாமா சொல்லிட்டாக. ராசையாண்ணன் மடியில வச்சுக் குத்தியாச்சு.”

இருளப்பனுக்கு முதலில் காது அடைத்தது. நெற்றியில் ஏதோ புடைத்தது. ராசையா மடி. முடுக்குச் சந்து ராசையா. அப்புறம் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவர் யோசித்துப் பேசியதல்ல. புருஷன் வீட்டு எச்சில் சோற்றுக்காகக் கூடப்பிறந்தவனை விற்றவள் என்றார். தனக்குத் தங்கை என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்றார். அத்தோடு நின்றிருக்கலாம்.

“ராசையா மடியில வச்சுக் குத்துன காது வெளங்குமாடி? அந்தக் காது சீழ் வச்சு அழுகிப் போகும், பாத்துக்கோ!”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். இருளப்பன்தான் வைத்தார். வைத்துவிட்டுக் கோபுரத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, பெரிய ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மணிக்கட்டு அறுபதைத் தாண்டியது. எழுபத்தெட்டு. எண்பத்தாறு. தொண்ணூற்றாறு. நீலம் பச்சையாக மாறியது. எங்கிருந்தோ நாதஸ்வரம் முழங்கியது. மேலிருந்து பூ கொட்டியது. துணை இயக்குநர் ஓடி வந்து தன் தோளிலிருந்த சால்வையையே எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

“தொண்ணூற்றாறு! இந்த ஆண்டின் உச்சம்! பார்த்தீர்களா? கலைக்கு முன்னால் யார்தான் கரையாமல் இருக்க முடியும்!”

ரெஜினா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அவருடைய பையை எடுத்து நீட்டினாள்.

“ஓடுங்க கொத்தனாரே. நாலு மணிக்கு ரயில் இருக்கு.”

“இனிமே ஓடி என்ன டீச்சர்?”

“ஓடுங்கன்னா ஓடுங்க. வாத்தியார் சொன்னா ஒரு தடவையாவது கேளுங்க.”

கதவு தானாகத் திறந்தது. “வெற்றி வெற்றி, பெர்சு!” என்று காவல்காரன் கை தட்டினான். புதிய ரயில் மூன்று மணி நேரத்தில் அவரை விருதுநகரில் கொண்டுவந்து போட்டது. வழியில் ஒரு ஊரையும் அவர் பார்க்கவில்லை.

வீட்டில் சண்முகக்கனி பட்டுச்சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருளப்பன் பையை மூலையில் எறிந்தார்.

“சேலைய மடிச்சு வையி. ஒரு எடத்துக்கும் போகல.”

“போகாம? விடிஞ்சா காதுகுத்து.”

“அதான் ராசையா மடியில முடிச்சிட்டாகளே.”

“ஒருத்தர் மடியிலயும் முடிக்கல.” அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நீங்க பேசின நம்பர்லருந்து அந்த டீச்சரம்மா காலையில எனக்குப் போன் போட்டாக. உங்களுக்கு மனசு கிழிஞ்சாத்தான் கதவு தெறக்குமாம். எதச் சொன்னா கிழியும்னு கேட்டாக. நான்தான் இதச் சொன்னேன். உங்ககிட்ட முன்கூட்டிச் சொன்னா நம்பர் ஏறாதாம்ல. பஞ்சவர்ணம் மாட்டவே மாட்டேன்னா. எங்கண்ணன் துடிச்சிருவாரு மதினின்னு அழுதா. நாந்தான் கெஞ்சிப் பேச வச்சேன்.”

இருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஏங்க, என்ன மூஞ்சி இப்படிப் போகுது? அதான் வந்துட்டீங்கள்ல?”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

அவள் அவர் முன்னால் வந்து குந்தி மறுபடி கேட்டாள். “அவகிட்ட என்னதான் சொல்லித் தொலைச்சீங்க?”

மறுநாள் ஒன்பதேகாலுக்கு, தங்கை வீட்டுக் கூடத்தில், இருளப்பன் கழுத்தில் மாலையும் தலையில் உருமாலுமாக மனைப்பலகையில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். அதன் கை நிறைய அவருடைய மீசை. ராசையா உட்பட அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கம்மல் எங்கே எடுத்தது என்று சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஆசாரி கம்பியை நெருப்பில் காட்டிவிட்டுக் குனிந்தார். குழந்தை வீறிட்டது. இருளப்பன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

பந்தி முடிந்தது. ஆட்கள் கலைந்தார்கள். கையில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்த கிண்ணத்தோடு பஞ்சவர்ணம் வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, குழந்தையின் காதில் தொட்டுத் தொட்டு வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

“பஞ்சு... நான் சொன்னது...”

“மதினியை அனுப்பி வச்சிரு” என்றாள் அவள், காதிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ இரு.”

“எத்தனை நாளைக்குத் தாயி?”

“பிள்ளைக்குக் காது ஆறணும்ல.”

“அது பத்து நாளாகும். சிலதுக்கு மாசக்கணக்குல இழுக்கும்.”

“இழுத்தா இரு. நீ சொன்ன சொல்லு பலிக்கலைன்னு நான் கண்ணால பாத்துக்கிடணும். அப்புறந்தான் எதுனாலும் பேசணும்.”

அவருடைய பையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். இருளப்பன் ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குழந்தையின் காதை மெல்லத் திருப்பிப் பார்த்தார். சிவந்திருந்தது. குத்திய காது முதல் நாள் சிவக்கத்தான் செய்யும். அது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தரம் பார்த்தார்.